மேலதிகப் புள்ளியின் எல்லை

அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே வழங்கும் வினாவிடைப் போட்டி ஒருவகையில் விசித்திரமானது. ஆங்கே வினா ஒரு வரியில் முடிவதில்லை. பல வாக்கியங்களாக நீளும். சிலரே அறிந்த செய்தி முதலில் வரும். பலரும் அறிந்தது இறுதியில் வரும். வினா வாசிக்கப்படும்போதே விசையை அழுத்தி விடை கூறலாம். சரியான விடைக்கு 10 புள்ளி. பல போட்டிகளில், குறித்த ஓரெல்லைக்கு முன்னரே கூறினால் 15 புள்ளி. இடைமறித்துத் தவறாகக் கூறினால் 5 புள்ளி குறையும். அவ்வெல்லை வாசிப்பவரின் தாளில் மட்டும் உடுக்குறியாக நிற்கும். போட்டியாளர் அதனைக் காணார்.

அக்குறியை எங்கே இடுவது? வினாவின் நடுவில் இட்டுவிட்டால் போதாதோ என வாசகர் வினவலாம். போதாது. சொற்களை எண்ணி அறிவை அளத்தல் இயலாது.

மேரி கியூரி அம்மையாரை விடையாகக் கொண்டு ஒரு வினா அமைப்போம். அவர் வார்சோ நகரில் மறைவாக நடந்த ‘பறக்கும் பல்கலைக்கழக’த்திற் பயின்றமை முதற்குறிப்பு. முதலாம் உலகப்போரில் எக்ஸ்ரே கருவி பூட்டிய வண்டிகளை இயக்கியமை அடுத்தது. பின்னர், தாம் கண்ட மூலகம் ஒன்றிற்குத் தாய்நாடாகிய போலந்தின் பெயரைச் சூட்டியமை. இறுதியில், இரேடியமும், 1903, 1911 ஆம் ஆண்டுகளிற் பெற்ற நோபல் பரிசுகளும். போலந்தின் பெயர் பாடநூலிலேயே உள்ளது. ஆதலின் எல்லை அதற்குச் சற்று முன்னே விழுதல் வேண்டும். நோபல் பரிசுவரை அதனைத் தள்ளினால், பாடநூலளவில் நின்றவனும் அதற்கப்பாற் கற்றவனும் ஒரே பரிசு பெறுவர். பறக்கும் பல்கலைக்கழகத்தோடு நிறுத்தினாலோ, அம்மையாரின் போர்க்காலத் தொண்டைத் தேடிப் படித்த மாணவிக்கு அவ்வுழைப்பின் பயன் கிட்டாது.

விஞ்ஞான வினாக்களில் எல்லை தாராளமாகவும், இலக்கிய வினாக்களிற் கடுமையாகவும் இருப்பின், வெற்றியைத் தீர்மானிப்பது மாணவரின் கல்வியன்று. வினா எழுதியவரின் மனப்போக்கே. எழுதியவருக்கோ தாம் அறிந்ததெல்லாம் எளிதாகவே தோன்றும். ஆகவே, போட்டிக்கு முன் வினாக்களைப் பிறர் சிலருக்கு வாசித்து, அவர்கள் எவ்விடத்தில் விடை கண்டனர் என நோக்கி எல்லையைத் திருத்துதல் நன்று.

பரீட்சைத்தாள் திருத்தும் எம்போன்ற ஆசிரியர்க்கும் இது பொருந்தும். விசேட சித்திக்கு ஓரெல்லை வகுக்கும்போது, எம் அறிவை அளவுகோலாகக் கொள்ளாது, மாணாக்கன் பாடநூலைக் கடந்து எத்துணைத் தூரம் தானே நடந்தான் என்பதை நோக்குதல் வேண்டும்.