உப்புக் கரிக்கும் பிள்ளையும் பட்சி தோஷமும்

மாதவரம் பால் பண்ணைக்குப் பேர்போன ஊர். அவ்வூரிலாகட்டும், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரிலாகட்டும், வேளை தவறாமல் பால் குடித்தும் ஒரு பிள்ளை தேறாமல் நோஞ்சானாகவே இருந்தால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? பட்சி தோஷம் என்று மந்திரிக்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள், கடைசியில் பெற்றவள் தலையிலேயே பழியைச் சுமத்துகிறார்கள்.

நோஞ்சான் பிள்ளைகள் எல்லோருக்கும் காரணம் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஓயாத சளி இருமல், எண்ணெய்ப் பசையோடு நாறும் மலம், முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் தோல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், அது சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் வியாதியாயிருக்கலாம்.

அது என்னவென்றால், நம் உடம்பின் அணுக்களில் உப்பு போய்வர ஒரு வாசல் உண்டு. அவ்வாசலை அமைக்கும் மரபணு பழுதானால், நுரையீரலில் சளி பசையாய் இறுகிக் கிருமிகளுக்குக் குடியிருப்பாகிறது. கணையத்தின் குழாய் அடைபட்டு ஜீரண நீர் குடலுக்கு வராததால், தின்ற கொழுப்பு வீணே வெளியேறுகிறது. வேர்வையில் உப்பு அளவுமீறிப் போவதால் சித்திரை வெயிலில் பிள்ளை துவண்டு விழுகிறது. இதில் பட்சி எங்கே, தோஷம் எங்கே என்று கேட்கிறோம்.

1938ல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் இதைத் தனி வியாதியென்று விளக்கினார். 1989ல் அந்த மரபணுவே கண்டுபிடிக்கப்பட்டது. இது வெள்ளைக்காரர் வியாதி என்று நெடுநாள் எண்ணியிருந்தாலும், 1968லேயே இந்தியப் பிள்ளையிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் பிள்ளைக்கு இவ்வியாதி வரும். அத்தகைய தம்பதிகளுக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயமுண்டு. அப்படியிருக்கத் தாயை மட்டும் தூற்றுவது என்ன நியாயம்? சொத்து வெளியே போகக்கூடாதென்று அக்காள் மகளைத் தாய்மாமனுக்கே கட்டிவைப்பது, ஒரே குடும்பத்தில் ஒளிந்திருக்கும் பழுது இரண்டும் ஒன்றுசேர வழிசெய்வதல்லவா?

வேர்வையிலுள்ள உப்பை அளக்கும் சோதனைக்கு ஊசி குத்தவேண்டியதில்லை. முதலில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காட்டி, இச்சோதனையைப்பற்றிக் கேளுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்குச் சிகிச்சை செய்கிறார்கள். ஜீரண மருந்து, கூடுதல் உப்பு, சளியை வெளியேற்றும் பயிற்சி, கிருமிக்கு மருந்து ஆகியவற்றால் பிள்ளை தேறலாம். 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு, பலருக்குப் பழுதான வாசலையே சீர்செய்கிறது. விலையோ ஏழைக்கு எட்டாது. எட்டச் செய்வது சர்க்காரின் கடமை; அதைக் கேட்பது நம் கடமை.

ஆகவே தோழர்களே! தாயத்துக்குக் கொடுக்கும் காசைப் பஸ் சார்ஜாக்குங்கள். பிள்ளை பிழைக்க வழி அதுதான்.