ஒரு நாள் டொலேடோ, ஒரு நாள் பழவேற்காடு

என் பேத்தி ஸ்பெயினில் மாட்ரிட் நகரில் மேற்படிப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, கூடப் படிக்கும் பெண்களோடு டொலேடோ என்னும் பழைய ஊருக்குப் போய்விட்டு இரவே திரும்பிவிட்டாள். மாட்ரிட்டிலிருந்து அரை மணி நேர ரயில் பயணம்தானாம். மறுநாள் போனில் முக்கால் மணி நேரம் அதே பேச்சு.

எனக்கு அந்தப் பெயர் புதிதல்ல. புதுச்சேரியில் நான் படித்த காலத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அதை 'தொலேத்' என்று உச்சரிப்பார். அந்த ஊர் வாளுக்குப் பேர்போனது என்பார். ஃபைல்களோடு மல்லாடிய உத்தியோகத்தில் எனக்கு அங்கே போக வாய்க்கவில்லை. பேத்தி கண்ணால் பார்த்துவிட்டேன்.

தேகஸ் ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓட, நடுவில் குன்றின்மேல் ஊர். 999-ஆம் ஆண்டில் கட்டிய மசூதி ஒன்று பிறகு தேவாலயம் ஆகி இன்னும் நிற்கிறது. யூதர்களின் பழைய ஜெபக்கூடங்களும் இருக்கின்றன. மூன்று மதத்தாரும் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்று 1986-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

"நம்ம ஊர்ப் பக்கம் இந்த மாதிரி ஒண்ணு இல்லையே தாத்தா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இப்போது நான் மகனோடு இருப்பது பொன்னேரியில். இங்கிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு.

நண்பர்களே, பழவேற்காட்டில் என்ன குறை? 1610-ல் டச்சுக்காரர் வந்து இறங்கினார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். இங்கிருந்து துணி போனது, வெடிமருந்து போனது. அடிமைகளாக மனிதர்களும் பத்தாவியாவுக்குப் போனார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலேசியாவில் இன்றும் லுங்கிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது நம் பழவேற்காடுதான். பெருமாள் கோயில், மகிமை மாதா ஆலயம், நிழற்கடிகாரம் வைத்த பள்ளிவாசல் என்று இங்கும் மூன்று மதம் உண்டு. கோட்டை மட்டும் புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது.

கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் வருவதைப் பார்க்கிறேன். டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டோடு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். மீன் வறுவல் சாப்பிடுகிறார்கள். மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். செத்துப்போன டச்சுக்காரனைப் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும் மீனவனைப் பார்க்காமலே போகிறார்கள். என் வருத்தம் அதுதான்.

பழவேற்காட்டை டொலேடோ ஆக்க வேண்டும் என்று நான் எழுதுவதாக நினைக்காதீர்கள். பேத்தி இன்னொன்றும் சொன்னாள். கடைத்தெரு முழுக்க அலங்கார வாளும் மர்சிபான் என்ற பாதாம் இனிப்பும்தானாம். சாயங்காலம் சுற்றுலா பஸ்கள் போனதும் தெரு வெறிச்சோடிவிட்டதாம். "துணி காயப்போட்ட வீட்டைத் தேட வேண்டியிருந்தது தாத்தா" என்றாள். கல்லைக் காப்பாற்றிவிட்டு மனிதரைத் தொலைத்தால் அது ஊராகுமா?

இங்கே கல்லைவிடப் பெரிய சொத்து ஏரிதான். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று குப்பங்கள் கூடி முறை வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்குப் 'பாடு' என்று பெயர். அதிலும் சண்டை உண்டு, முறையில் சேராதவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் ஒரு சர்க்கார் குமாஸ்தாவின் உதவியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் நிர்வாகம் அது. எந்த மாணவனுக்காவது இதை யாராவது சொல்கிறார்களா? தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை எத்தனை பேர் கவனித்தார்கள்?

முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் படகு கடலுக்குப் போகாது, இறால் குஞ்சு ஏரிக்குள் வராது. பிள்ளைகள் கூலி வேலைக்குச் சென்னைப் பக்கம் போய்விடுவார்கள். அப்புறம் கல்லறை மட்டும்தான் மிஞ்சும்.

அதனால் என் கருத்து இது. முதலில் முகத்துவாரத்தை எப்போதும் திறந்து வைக்க வழி பண்ணட்டும். அடுத்து, வருகிறவர்களுக்குச் சுத்தமான கழிப்பறையும், தமிழில் விளக்கமான பலகையும் வேண்டும். ஊர் சுற்றிக்காட்டும் வேலையைக் குப்பத்துப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து ஒப்படைக்க வேண்டும். படகுச் சவாரி என்றால் உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஒருவரையும் ஏற்றக் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போனதை நாம் மறக்கலாமா?

பேத்தி விடுமுறைக்கு வருகிறாள். "உன்னை ஒரு நாள் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போகிறேன், ஆனால் விடியற்காலை நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறேன். முதலில் படகுத்துறையில் மீன் ஏலம், கல்லறை அப்புறம்.