"அணி இல்லை" என்று எழுதிக் கொடுத்தது நாங்கள்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகளின் உம்மா, வாப்பாமாரும் எங்கள் சக ஆசிரியர்களும் கடைசி வரை வாசித்தால் நல்லது.

போன தவணை விளையாட்டுப் போட்டிகளுக்கான படிவம் ஒன்று வந்தது. எந்தெந்த அணிகளை அனுப்புகிறீர்கள் என்று நிரப்ப வேண்டும். ஆண்கள் உதைபந்தாட்டத்துக்கு 'ஆம்' போட்டோம். பெண்கள் வலைப்பந்துக்கும் 'ஆம்'. பெண்கள் உதைபந்தாட்டத்துக்கு நேரே 'அணி இல்லை' என்று எழுதினோம். யோசிக்கவே இல்லை. வருஷா வருஷம் எழுதுவதுதானே.

படிவத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒன்பதாம் தரப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்தோம். அவள் நின்று வாசித்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், இல்ல எண்டு போட்டிருக்கே. எங்கக்கிட்ட கேக்கவே இல்லயே?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை.

புத்தளம் மாவட்டக் கரையில் உதைபந்தாட்டம் என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகரம் வரை, சோளகக் காற்றில் மண் கண்ணில் அடித்தாலும் அஸர் தொழுகைக்குப் பிறகு வெறும் நிலத்தில் பந்து உருளும். வாப்பாமார் பேசுவது அது, காக்காமார் சண்டை பிடிப்பது அது. அதே வீட்டுப் பிள்ளை அதே ஆட்டத்தை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள். விளையாட்டைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். விளையாட மட்டும் இடமில்லை.

அதற்குப் பிறகு சில பெற்றோரிடம் பேசிப் பார்த்தோம். "ஹராம்" என்று கதவடைப்பார்கள் என்றுதான் நினைத்தோம். அப்படிச் சொன்னவர்கள் குறைவு. ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப்போட்டி ஓடிய செய்தி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அவர்கள் கேட்டது வேறு மூன்று கேள்விகள். என்ன உடுப்பு? எங்கே விளையாட்டு? யார் பழக்குவது?

முதல் கேள்விக்கு உலகமே பதில் சொல்லிவிட்டது. 2011இல் ஈரான் பெண்கள் அணிக்குத் தலையை மூடிய உடையோடு ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் ஆட அனுமதி கிடைக்கவில்லை. 2014இல் பீபா அந்தத் தடையை முற்றாக நீக்கியது. 2023 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபோடு களமிறங்கினார். அன்று தென் கொரியாவை மொரோக்கோ 1-0 என்று வென்றது. முழுக்கை, முழுக்கால், தலைமறைப்பு என்று ஆடுவதற்கு இன்று பீபாவின் எந்த விதியும் குறுக்கே இல்லை.

இரண்டாவது கேள்வியும் பெரிதல்ல. மதில் கட்டிய பாடசாலை மைதானம் காலையில் சும்மாதான் கிடக்கிறது.

மூன்றாவதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். யார் பழக்குவது? எங்கள் பகுதியில் உதைபந்தாட்டம் பழக்கத் தெரிந்த பெண் ஒருவரையும் எங்களால் பெயர் சொல்ல முடியவில்லை. ஏன் இல்லை? அப்படி ஒரு தொழில் இருப்பதாகவே நாங்கள் எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை. டொக்டர், டீச்சர், கிராம சேவகர் என்று சொன்னோம். பயிற்றுவிப்பாளர் என்று சொன்னதே இல்லை.

அந்தத் தொழில் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் எதுவும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டுக்கும் அது பொருந்தியது. பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளைத் தொடங்க வேண்டி வந்தது, அணிகளுக்குச் சம்பளத்தோடு தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவியும் வந்தது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1979இல் அந்தப் பதவியில் அமர்ந்தவர் அன்சன் டொரன்ஸ். பிறந்தது பம்பாயில். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தவர். 2024 வரை அதே பல்கலைக்கழகம், அதே பதவி. 22 தேசியச் சம்பியன் பட்டங்கள். நடுவில் 1991இல் பெண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணத்தை அமெரிக்காவுக்கு வென்று கொடுத்தார்.

அவரிடம் 1989இல் ஆடப் போன ஒரு நெதர்லாந்துப் பிள்ளைதான் சரினா வீக்மன். சின்ன வயதில் பெண்ணென்று தெரியாமல் இருக்க முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு பையன்களோடு விளையாடியவர். ஒரு பல்கலைக்கழகம் பெண்களின் ஆட்டத்தை எவ்வளவு மதித்து நடத்த முடியும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். திரும்பி என்ன செய்தார் தெரியுமா? ஹேக் நகரில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி டீச்சராக இருந்தார். எங்களைப் போல! 2007இல் நெதர்லாந்தில் பெண்களுக்கென்று லீக் தொடங்கியபோதுதான் அவருக்கு முழுநேரப் பயிற்றுவிப்பாளர் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு 2017இல் நெதர்லாந்துக்கும் 2022, 2025இல் இங்கிலாந்துக்கும் ஐரோப்பியக் கிண்ணம் வென்று கொடுத்தார்.

பதவி வந்தது, அதில் ஒரு பயிற்றுவிப்பாளர் நிலைத்து நின்றார், அவரிடம் ஆடியவர் அடுத்த பயிற்றுவிப்பாளரானார். நாம் தலைகீழாக நிற்கிறோம். பயிற்றுவிப்பாளர் இல்லாததால் அணி இல்லை. அணி இல்லாததால் நாளைக்கும் பயிற்றுவிப்பாளர் வரப்போவதில்லை.

டொரன்ஸின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் பெற்றோருக்கு நாங்கள் நேர்மையாக இல்லை. 1998இல் அவருடைய முன்னாள் வீராங்கனைகள் இருவர் வழக்குப் போட்டார்கள். அணிப் பிள்ளைகளின் அந்தரங்க வாழ்க்கை பற்றிய தகாத பேச்சுகளில் அவர் கலந்துகொண்டார் என்பது முறைப்பாடு. துன்புறுத்தும் நோக்கம் இருக்கவில்லை என்று அவர் மறுத்தார், அப்படிப் பேசியது பொருத்தமற்றது என்று மன்னிப்பும் கேட்டார். 2008இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. எவ்வளவு பெரிய பயிற்றுவிப்பாளரானாலும் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை ஒப்படைக்க முடியாது என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம். அதற்காகப் பிள்ளையை வீட்டில் பூட்டி வைப்பது தீர்வாகாது. பெண் பயிற்றுவிப்பாளர், பயிற்சியில் எப்போதும் இன்னொரு ஆசிரியை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், பிள்ளைக்குத் தனியாக இரவில் மெசேஜ் போடக்கூடாது. இவ்வளவையும் எழுதி அதிபரின் கையொப்பத்தோடு சுவரில் ஒட்டலாமே.

"அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சரி, எங்களுக்குச் சரிவராது" என்று கமெண்டில் எழுத விரல் துடிப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, கடலுக்கு அந்தப் பக்கம். மதுரை சேது எப்சி என்ற பெண்கள் கழகத்தின் தலைவர் சீனி முகைதீன். காரியாபட்டியில் முஸ்லிம்கள் தொடங்கி நடத்தும் சேது பொறியியல் கல்லூரியின் நிர்வாகத்தைச் சேர்ந்தவர். 2019இல் அந்த அணி மணிப்பூர் பொலிஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி இந்திய மகளிர் லீக்கை வென்றது. பயிற்றுவிப்பாளர் அம்ருதா அரவிந்த், ஒரு பெண். ஒரு கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மனது வைத்தார்கள், நடந்தது.

இரண்டு, நம் நாட்டுக்குள்ளேயே. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்கள் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் பல தடவை சம்பியனானவர்கள். போரில் இடம்பெயர்ந்து அலைந்த பாடசாலை அது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எங்கள் கரைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். இடம்பெயர்வு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மகாஜனாவுக்கும் எங்களுக்கும் ஒரே கல்வி அமைச்சு, ஒரே பாடத்திட்டம், ஒரே சீருடைத் துணி. அவர்களுக்குப் பழக்க ஆள் இருந்தது, எங்களுக்கு இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

பழைய மாணவர் சங்கங்களே, ஒவ்வொரு வருஷமும் ஜேர்சிக்கும் கிண்ணத்துக்கும் சேர்க்கும் காசில் ஒரு பங்கை ஒரு பெண் பயிற்றுவிப்பாளரின் மாதக் கொடுப்பனவுக்கு ஒதுக்குங்கள். ஜேர்சி ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும்.

பெற்றோரே, உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும், விளையாட்டில் கெட்டிக்காரியான மகளைத் தேசிய கல்வியியற் கல்லூரியில் உடற்கல்விக்கு விண்ணப்பிக்க விடுங்கள். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ்களும் சி, பி, ஏ என்று படிப்படியாக ஏறுபவைதான். படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். இதுவும் படிப்புத்தான்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, எதிர்ப்பு வந்தால் எங்களைத் தனியே விடாதீர்கள். விதிமுறைகளை எங்களோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

கடைசியாக, ஆசிரியர்களான எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வது. இனி பிள்ளைகளிடம் கேட்காமல் எந்தப் படிவத்திலும் 'இல்லை' என்று எழுத மாட்டோம்.

சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சம் போட்டு இரண்டு பந்து வாங்கியிருக்கிறோம். செவ்வாயும் வியாழனும் காலையில் பதினாறு பிள்ளைகள் வருகிறார்கள், எல்லோரிடமும் வீட்டாரின் கடிதம் இருக்கிறது. பழக்குவதற்கு ஆள் இல்லாததால் இப்போதைக்கு விசில் ஊதுவது நாங்கள்தான். ஓப்சைட் என்றால் என்னவென்று அந்த ஒன்பதாம் தரப் பிள்ளைதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறாள்.

புத்தளம், கற்பிட்டி, பாலாவி, நுரைச்சோலைப் பக்கம் உதைபந்தாட்டம் தெரிந்த சகோதரிகள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். அடுத்த வருஷமும் அந்தப் படிவம் வரும்.