ஓடியது போதாதா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருக்கையில் பேச்சு குதிரைப் பந்தயத்தின் பக்கம் திரும்பியது. சிகார் என்ற அமெரிக்கக் குதிரையைப் பற்றி நான் ஆரம்பித்ததும் நண்பர் ஒருவர், "அது மலட்டுக் குதிரையாச்சே சார், எல்லாம் வீண்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. (நான் பந்தயத்தில் பணம் கட்டுபவன் அல்லன். வீட்டில் யாரும் பயப்பட வேண்டாம்.)

சிகார் 1990-ல் மேரிலாந்தில் பிறந்தது. பெயரைக் கேட்டுச் சுருட்டு என்று நினைக்காதீர்கள். உரிமையாளர் ஆலன் பால்சன் விமானத் தொழிலதிபர். வான்வழியில் விமானிகளுக்கு அடையாளமாக உள்ள ஓர் இடத்தின் பெயரை வைத்தார். முதல் 13 பந்தயங்களில் இரண்டே வெற்றி. பெரும்பாலும் புல்தரையில்தான் ஓடவிட்டிருந்தார்கள். 1994 அக்டோபரில் பயிற்சியாளர் பில் மாட் அதை மண் தடத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான், தொடர்ந்து 16 வெற்றிகள்! 1995-ல் ஓடிய பத்திலும் முதலிடம். 1996 மார்ச்சில் துபாய்க்குப் பறந்துபோய் முதலாவது துபாய் உலகக் கோப்பையையும் வென்றது. மொத்தச் சம்பாத்தியம் 99,99,815 டாலர். ஒரு கோடிக்கு 185 டாலர்தான் குறைவு!

பந்தயக் குதிரைக்கு உண்மையான வருமானம் ஓய்வுக்குப் பிறகுதான். இந்த இனத்தில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. பொலிகுதிரையே நேரில் சேர வேண்டும். 1997-ல் 34 பெட்டைகளோடு சேர்த்தார்கள். ஒன்றுகூடச் சினைப்படவில்லை. மருத்துவர்களும் கைவிரித்தார்கள். காப்பீட்டு நிறுவனம் இரண்டரைக் கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. வியாபாரக் கணக்கில் அது நஷ்டம்தான், மறுக்கவில்லை.

ஆனால் "வீண்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளை இல்லாதவர்கள் என்ன சாதித்தாலும் கடைசியில் இந்த ஒரு வார்த்தையில் அடைத்துவிடுவது நமக்குப் பழகிப்போயிற்று. ஊர்விட்டு ஊர் வந்தும் அதை மூட்டையோடு கொண்டுவந்திருக்கிறோம். அன்று காபி மேசையில் அப்படிப்பட்ட தம்பதி ஒருவரும் இருந்தார்கள். அவர்கள் அதற்குமேல் பேசவில்லை.

சிகாரைக் கென்டக்கி குதிரைப் பூங்காவில் வைத்துப் பராமரித்தார்கள். 2014 அக்டோபரில் இறக்கும் வரை அதைப் பார்க்க ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குட்டி எங்கே என்று கேட்கவா வந்தார்கள்? அது ஓடியதைப் பார்த்தவர்கள், ஓடியதற்காகவே வந்தார்கள்.