ஜாஜ்மௌவின் கசடு

பட்டாளத்துக் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் செய்து கொடுத்த காலந்தொட்டுத் தோல் தொழிலால் வளர்ந்த கான்பூர் மாநகரில், கங்கைக் கரையிலுள்ள ஜாஜ்மௌ பகுதியில், நகரத்துச் சாக்கடையையும் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரையும் ஒருங்கே வாங்கிச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று, 1986-இல் தொடங்கிய கங்கை செயல் திட்டத்தின்கீழ், நெதர்லாந்து நாட்டின் உதவியோடு அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 3 கோடியே 60 லட்சம் லிட்டர் அதன் கொள்ளளவு. அதில் 90 லட்சம் லிட்டர் தோல் சாலைகளுடையது, மீதி வீட்டுச் சாக்கடை. ஒரு பங்கு விஷத்தை மூன்று பங்கு சாக்கடையோடு கலந்துவிட்டால் தீங்கு தணிந்துபோகும் என்னும் நம்பிக்கை பிழையானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சாக்கடையைச் சுத்தம் செய்பவை இயந்திரங்களைவிட நுண்ணுயிர்களே. தொட்டியின் அடியிலிருந்து மெல்ல மேலேறும் நீர், காற்றுப் புகாத கசடுப் படலத்தினூடே செல்லுகையில், அங்கே குடியிருக்கும் கோடானுகோடி ஜீவன்கள் அழுக்கை உண்டு எரிவாயுவாக மாற்றிவிடுகின்றன. தோலைப் பதனிட இடும் குரோமியமோ உலோகம், அதை உண்டு செரிக்கும் உயிர் உலகத்தில் இல்லை. நீரோடு போனது போக, மிஞ்சியதெல்லாம் கசடிலே தங்கி, வயலுக்கு உரமாகியிருக்க வேண்டிய பொருளை வயலிலே போடத் தகாததாக ஆக்கிவிடுகிறது. தோல் கழிவிலுள்ள சல்பேட்டும் அந்தத் தொட்டிகளுக்குள்ளேயே அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவாகி, இரும்பையும் கான்கிரீட்டையும் அரிக்கிறது.

பரிகாரம் தோல் சாலைக்குள்ளேயே இருக்கிறது. சுழலும் மர டிரம்மிலிருந்து நீலம் பாய்ந்த தோல்களை எடுத்தபின் வடிகிற நீரில், இட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். அந்நீரைத் தனியே பிடித்து, மக்னீசியம் ஆக்சைடைக் கலந்து படியவைத்து, படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால், அடுத்த தோலுக்கு அதே குரோமியம் மீண்டும் உதவும். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் நெடுங்காலமாக எடுத்துச் சொல்லிவரும் முறை இது. மறுநாளே டிரம்முக்குத் திரும்பத்தக்க சரக்கைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அதைப் பிரித்தெடுக்கும் பாரத்தை நகரசபையின் தலையில் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

தோல் கழிவுக்கென்றே தனிநிலையம் கட்ட முற்பட்டது வரவேற்கத்தக்கதுதான்; ஆயினும் மூலத்தில் தடுக்காத குரோமியம் அங்கேயும் கசடாகவே குவியும்.

வழக்கறிஞர் எம். ஸி. மேத்தா தொடுத்த கங்கை வழக்கில், குறைந்தபட்சக் கூலி கொடுக்க இயலாத தொழிற்சாலை நடக்கலாகாது என்பதுபோலவே, முதல்நிலைச் சுத்திகரிப்புச் செய்ய இயலாத தோல் சாலையும் நடக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1987-இலேயே சொல்லிவிட்டது. அதிகாரிகள் அந்த வாக்கை இன்றைக்கேனும் முழுமையாக நிறைவேற்ற வேண்டும்: குரோமியத்தை மீட்காத சாலைக்கு நகரச் சாக்கடையில் இணைப்புத் தரலாகாது, ஏற்கெனவே தந்திருந்தால் அதைத் துண்டித்துவிட வேண்டும்.