பொன்னிறப் பியரும் பனங்கள்ளும்

சிட்னியிலும் மெல்பேணிலும் கடந்த சில ஆண்டுகளாக ஒருவகைப் பியருக்குத் தனி மதிப்பு ஏற்பட்டுள்ளது. பெல்ஜிய நாட்டுப் பண்ணைகளின் மரபைத் தழுவிக் காய்ச்சப்படும் பொன்னிறப் பியர் அது. அதனைச் சுவைப்போர் அவசரப்படுவதில்லை. காம்புள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, நிறத்தையும் நுரையையும் நோக்கி, முகர்ந்த பின்னரே வாயில் வைக்கின்றனர். மிளகும் கராம்பும் எலுமிச்சையும் மணக்கும். பெரும்பாலும் இவற்றுள் எதுவும் அதில் சேர்க்கப்படுவதில்லை. நொதிக்கும்போது மதுவம் உண்டாக்கும் மணங்களே அவை. நாவில் இலேசான புளிப்புத் தோன்றி, இனிப்பின்றி முடிந்துவிடும்.

பெல்ஜியத்தின் வலோனியாப் பகுதியில், கோடையில் வயல்வேலை செய்தோரின் தாகம் தீர்க்கக் குளிர்காலத்தில் காய்ச்சி வைக்கப்பட்ட பியரே இம்மரபின் மூலம் என்பர். ‘செசோன்’ என்ற அதன் பெயருக்குப் பருவம் என்பது பொருள். உழவர் வீட்டுப் பானம் இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை 2016 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவுசெய்தது. சிட்னியின் மரிக்வில் பகுதியில் 2017 இல் திறக்கப்பட்ட ‘வைல்ட்ஃபிளவர்’ நிறுவனம், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துச் செடிகொடிகளிலும் பூக்களிலுமிருந்து திரட்டிய காட்டு மதுவத்தைக் கொண்டு ‘கோல்ட்’ என்னும் பியரை ஆக்கியது. மரப்பீப்பாக்களில் முதிர்ந்த அந்தப் பானத்தை மண்ணின் சுவை என்று இந்நாட்டார் போற்றினர்.

இதனை வாசிக்கும் எம்மவர்க்கு ஓர் எண்ணம் எழாமற் போகாது. காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இயல்பாகவே வாழும் மதுவத்தினால், எவரும் எதுவும் சேர்க்காமலே சில மணி நேரத்துள் நொதித்துப் புளிப்பேறும் பானம் எம்மிடமும் உண்டு. அதுவே பனங்கள். பனைக்கும் பருவம் உண்டு. தளைநாரைக் காலிற் பூட்டி மரமேறி, பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நாள் தவறாது சீவி இறக்கும் நுட்பம், எந்தப் பீப்பாக்காரரின் நுட்பத்துக்கும் குறைந்ததன்று.

ஆயினும் நாம் அதற்கு அளித்த இடம் யாது? கள்ளைக் குடித்தவனிலும் பார்க்க, அதனை இறக்கியவனையே எமது சமூகம் இழிவுபடுத்தியது. மாலையில் பனையடியிற் பிளாவை ஏந்தியவர், காலையில் அதே சீவல் தொழிலாளிக்குத் தம் வீட்டுக் குவளையில் தண்ணீர் கொடுக்க மறுத்தார். இக்கொடுமையின் வரலாற்றைக் கே. டானியலின் நாவல்களிற் காணலாம். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. மரங்களைப் போர் அழித்தது. தொழிலின் மானத்தையோ நாமே அழித்தோம். தந்தையின் தொழிலைப் பிள்ளை தொடர விரும்பாததில் வியப்பில்லை.

குடும்பங்களைச் சீரழிக்கும் மதுவுக்குப் பத்திரிகை பரிந்து பேசலாமா எனச் சிலர் வினவுவர். நியாயமான கேள்வியே. பொன்னிறம் கண்டு ஏமாறுதலும் ஆகாது. பெல்ஜியத்தின் புகழ்பெற்ற ‘டூவல்’ பியரின் பெயருக்குப் பிசாசு என்பது பொருள், அதில் 8.5 வீதம் மதுசாரம் உண்டு. 330 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று, இந்நாட்டுக் கணக்கில் இரண்டு நியம அளவுகளுக்கும் மேலாகும். வாரத்துக்குப் பத்து, ஒரு நாளில் நான்கு என்பவற்றைத் தாண்டலாகாது என்பது 2020 ஆம் ஆண்டு வெளியான அவுஸ்திரேலிய சுகாதார வழிகாட்டல். தனிமையும் விசாக் காத்திருப்பும் வாட்டும் வேளையில் போத்தலை நாடுவோர் இதனை மறத்தல் கூடாது. குடிக்காதிருப்பது எவருக்கும் குறைவன்று.

ஆனால் குடிப்பதும் விடுவதும் ஒன்று. உழைப்பை மதிப்பது வேறொன்று. வெள்ளையரின் பண்ணைப் பானத்தைக் கலையென மெச்சும் நாம், எமது மரமேறியின் சாதிப் பெயரை வீட்டினுள் இன்னமும் வசைச்சொல்லாக வழங்கலாமா? எமது தமிழ்ப் பாடசாலைகளில் பனையைக் கற்பக தரு எனக் கற்பிக்கிறோம். அதில் ஏறியவரைப் பற்றியும் மரியாதையுடன் கற்பிக்க வேண்டும். இங்கு தஞ்சம் கோரி வந்த ஒருவர் தம் தந்தை சீவல் தொழிலாளி என்று சொல்லக் கூசும் நிலை தொடருமாயின், நாம் கடல் கடந்தும் ஊரின் கீழ்மையை விட்டு வரவில்லை என்பதே பொருளாகும்.