பள்ளிக்கு வரட்டும் பல் சிகிச்சை

சோமனூரில் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர், தன் 6 வயது மகனின் பல்வலி குறித்து அண்மையில் என்னிடம் பேசினார். முகாம் ஒன்றில் சொத்தையைக் கண்டறிந்து, மருத்துவமனைக்குச் செல்லுமாறு சீட்டு எழுதிக் கொடுத்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. 'போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பால் பல்தானே, விழுந்து முளைத்துவிடும்' என்று காத்திருந்தாராம். இப்போது கன்னம் வீங்கிவிட்டது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால், பேருந்துக் கட்டணமும், இழக்கும் கூலியும், மகன் இழக்கும் பள்ளி நாளும் இலவசமல்ல.

பால் பல் குறித்த அவரது நம்பிக்கை பாதி உண்மையே. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும்; பால் கடைவாய்ப் பற்களோ 10 முதல் 12 வயது வரை நிலைக்க வேண்டியவை. அவற்றை முன்கூட்டியே இழந்தால், நிரந்தரப் பற்களுக்கான இடம் சுருங்கிப் பல்வரிசை கோணலாகக்கூடும். உலகில் 51.4 கோடி குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது.

துளையிடாமல், ஊசி போடாமல் சொத்தையைத் தடுத்து நிறுத்தும் எளிய முறைகள் இன்று உள்ளன. 'சில்வர் டைஅமீன் ஃபுளூரைடு' என்னும் திரவத்தைச் சொத்தையின் மீது பூசினால், அதிலுள்ள வெள்ளி கிருமிகளை அழிக்கிறது. ஃபுளூரைடு பல்லை இறுகச் செய்கிறது. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, 'கிளாஸ் அயனோமர்' சிமென்ட்டால் அடைப்பது மற்றொரு முறை. மின்வசதியற்ற ஊர்களுக்காக 1980-களில் தான்சானியாவில் உருவானது அது. இவ்விரு பொருள்களும் 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றன.

குறைகளும் உண்டு. திரவம் பூசிய சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். நரம்பு வரை பரவி வீக்கம் கண்ட பல்லுக்கு இது உதவாது. எனவே, பெற்றோரிடம் முன்பே விளக்கி ஒப்புதல் பெறுவது கட்டாயம்.

ஃபுளூரைடு என்றாலே நம் பகுதியில் அச்சம் எழுவது இயல்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் மிகை ஃபுளூரைடு பற்களையும் எலும்புகளையும் பாதித்தது. அதைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால், நாள்தோறும் குடிக்கும் நீரில் உடலுக்குள் சேர்வது வேறு. ஆண்டுக்கு இருமுறை பல்லின் மீது பூசும் துளி வேறு.

மத்திய அரசின் தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் 2013 முதல் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் செல்கின்றன. அவை கண்டறிய வேண்டிய நோய்களில் பல் சொத்தையும் ஒன்று. அக்குழுவுடன் ஒரு பல் மருத்துவரும் சென்று, அன்றே, அங்கேயே பூசிவிட்டால் என்ன? கொங்கு மண்டலத்தில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இதை முன்னோடியாகத் தொடங்கலாம்.

நோயைக் கண்டறிந்து சீட்டு எழுதிக் கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிட்டால், மீதிச் செலவு தறிக்கூடத்துத் தாயின் கூலியிலிருந்தும் அவர் மகனின் வலியிலிருந்தும்தான் கழிக்கப்படும்.